ஜெர்மனி, இத்தாலி வழியாக அல்பேனியா: கோடை ஊழியப் பயணத்துக்கு எந்த விசா, எந்தப் பாதை?

வாசகர் கேள்வி: என் வயது 25. பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை செய்கிறேன். வரும் ஜூலையில் அல்பேனியாவின் கோர்ச்சா நகரில் உள்ளூர் சபை ஒன்று நடத்தும் சிறுவர் முகாமில் ஊழியம் செய்ய அழைப்பு வந்திருக்கிறது. ஜூலை 3-ஆம் தேதி ஃபிராங்க்ஃபர்ட் அருகே பயிற்சி தொடங்கி 8-ஆம் தேதி மதியம் முடிகிறது. 9-ஆம் தேதி இரவு ரயிலில் இத்தாலியின் பாரி துறைமுகம், 10-ஆம் தேதி இரவு அங்கிருந்து கப்பல், 11 முதல் 24 வரை முகாம். திரும்பும்போது ரோமைப் பார்த்துவிட்டு 28-ஆம் தேதி அங்கிருந்து விமானம். ஏஜென்ட் ஒருவர், “ஊழியம் என்று சொன்னால் விசா கிடைக்காது, டூர் என்று போடுங்கள்” என்கிறார். லண்டன் வழியாக டிக்கெட் மலிவு என்கிறார். பல ஐரோப்பிய நாடுகளில் ரயில் ஏற உதவும் யூரெயில் பாஸும் எடுக்கச் சொல்கிறார். இதுதான் என் முதல் வெளிநாட்டுப் பயணம். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புச் சகோதரிக்கு வாழ்த்துகள். உங்கள் பயணத்தில் சிக்கல் வரக்கூடிய இடம் ஊழியம் என்ற வார்த்தை அல்ல. ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனுக்குள் நுழைந்து, வெளியேறி, மறுபடி நுழைகிறீர்கள். கவனம் முழுவதும் அதில் இருக்க வேண்டும்.

முதலில் ஏஜென்ட் சொன்னதை ஒதுக்கிவிடுங்கள். ஷெங்கன் விசா விதிகளிலேயே மத நிகழ்ச்சிகளுக்காகப் போகிறவர்கள் என்ன ஆவணம் தர வேண்டும் என்று எழுதியிருக்கிறது: அழைக்கும் அமைப்பின் பெயரும் தங்கும் காலமும் குறித்த அழைப்புக் கடிதம் அல்லது நிகழ்ச்சி நிரல். அதாவது ஊழியப் பயணம் அந்த அதிகாரிகளுக்குப் புதிதும் அல்ல, குற்றமும் அல்ல. நீங்கள் டூர் என்று போட்டுவிட்டு, ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலையத்தில் “எங்கே தங்கப் போகிறீர்கள்?” என்ற கேள்விக்குப் பயிற்சி மையத்தின் பெயரைச் சொன்னால், படிவம் ஒன்று சொல்கிறது, வாய் ஒன்று சொல்கிறது என்று ஆகிவிடும். விசா கையில் இருந்தும் திருப்பி அனுப்ப அது போதும். விசா மறுக்கப்பட்டால் அந்த விவரம் ஷெங்கன் நாடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான கணினிப் பதிவில் 5 ஆண்டுகள் இருக்கும். பிறகு வேலைக்காக விண்ணப்பித்தாலும் அது கண்ணில் படும். படிவத்தில் பயண நோக்கம் கேட்கும் இடத்தில் ‘மற்றவை’ என்று குறித்து, ‘கிறிஸ்தவத் தன்னார்வப் பயிற்சி, தொடர்ந்து அல்பேனியாவில் சிறுவர் முகாம்’ என்று நேராக எழுதுங்கள்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? ஷெங்கனுக்குள் எந்த நாடு முக்கிய இலக்கோ அந்த நாட்டிடம். அதை நாள் கணக்காலோ பயண நோக்கத்தாலோ முடிவு செய்வார்கள். அல்பேனியா ஷெங்கனில் இல்லை. அங்கே இருக்கும் 14 நாளும் இந்தக் கணக்கில் வராது. நுழையும் நாள், வெளியேறும் நாள் இரண்டையும் முழு நாளாக எண்ண வேண்டும். உங்கள் திட்டப்படி ஜெர்மனி 7 நாள் (3 முதல் 9 வரை), இத்தாலி 5 நாள் (10-ஆம் தேதி ஒன்று, 25 முதல் 28 வரை நான்கு). ஆனால் ரயிலில் வந்து இறங்கிய அன்று இரவே கப்பல் ஏறும் திட்டம் எனக்குச் சம்மதமில்லை. காரணத்தைக் கீழே சொல்கிறேன். ஒரு நாள் முன்னதாக, 8-ஆம் தேதி இரவே கிளம்பினால் ஜெர்மனி 6, இத்தாலி 6 என்று சமமாகிவிடும். பயிற்சிதான் நோக்கம் என்று வாதாடலாம். வாதாட வேண்டிய நிலை எதற்கு? ரோமில் ஒரு நாளைக் குறைத்து 27-ஆம் தேதியே விமானம் ஏறுங்கள். ஜெர்மனி 6, இத்தாலி 5. ஜெர்மனி விசாவுக்குச் சென்னையில் உள்ள, விசா விண்ணப்பங்களை வாங்கும் வி.எஃப்.எஸ். மையத்தில் விண்ணப்பியுங்கள்.

பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பம் வாங்குவார்கள். கடைசி எல்லை 15 நாள் முன்பு. முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள் வரை ஆகும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை விடுமுறைக் கூட்டத்தால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. ஜனவரி 3-க்குப் பிறகு எந்த நாள் கிடைத்தாலும் எடுத்துவிடுங்கள். கட்டணம் 90 யூரோவுக்குச் சமமான ரூபாய். மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது.

இனி முக்கியமான விஷயம். நீங்கள் பாரியில் கப்பல் ஏறும்போது ஷெங்கனை விட்டு வெளியேறுகிறீர்கள். 25-ஆம் தேதி காலை மறுபடி நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா என்றால், திரும்பி வரும்போது பாரியில் இறங்க விடமாட்டார்கள். அல்பேனியாவுக்குள் போவதற்கும் இதே விசாதான் சாவி: இந்தியப் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் பலமுறை நுழைவு ஷெங்கன் விசா இருந்து, அதை ஏற்கெனவே ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தால், அல்பேனியாவுக்குத் தனி விசா வேண்டியதில்லை. முதலில் ஜெர்மனியில் இறங்குவதால் அந்த நிபந்தனை நிறைவேறிவிடுகிறது. இதே விசாவோடு நேராக அல்பேனியத் தலைநகர் திரானாவின் விமான நிலையத்தில் போய் இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்வார்கள்.

ஆகவே படிவத்தில் ‘பலமுறை நுழைவு’ என்று குறிப்பதோடு நிறுத்தாமல், இணைப்புக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே ‘ஜெர்மனி – இத்தாலி – அல்பேனியா – இத்தாலி’ என்ற வழியைத் தேதிகளோடு எழுதி, இரண்டு கப்பல் முன்பதிவுகளையும் இணையுங்கள். முதல் பயணக்காரர்களுக்கு ஒருமுறை நுழைவு கொடுப்பது சகஜம். காரணம் கண்ணெதிரே இருந்தால்தான் அதிகாரி மாற்றி யோசிப்பார். விசா ஸ்டிக்கர் வந்ததும் மூன்று இடங்களைப் பாருங்கள். நுழைவு எண்ணிக்கையில் ‘01’ என்று இருக்கக் கூடாது, ‘மல்ட்’ (பலமுறை) என்று இருக்க வேண்டும். செல்லுபடிக் காலம் ஜூலை 3 முதல் 27 வரையாவது இருக்க வேண்டும். தங்கும் நாட்கள் 11-க்குக் குறையக் கூடாது (3 முதல் 10 வரை எட்டு, 25 முதல் 27 வரை மூன்று). பலர் அல்பேனிய நாட்களையும் சேர்த்து எண்ணிக் குழம்புவார்கள்.

‘01’ என்றே வந்துவிட்டால் பயணம் போய்விட்டது என்று இடிந்துபோக வேண்டாம். திருத்தம் கேட்டு உடனே எழுதுங்கள். கூடவே அல்பேனியாவின் மின்விசாவுக்கு இணையத்தில் விண்ணப்பித்துவிட்டு, திரும்பும் பயணத்தைத் திரானாவிலிருந்து இஸ்தான்புல் வழியாக மும்பைக்கோ டெல்லிக்கோ மாற்றுங்கள். இஸ்தான்புல்லில் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறத் துருக்கி விசா தேவையில்லை. ரோம் மட்டும் விட்டுப்போகும். இதற்காகத்தான், விசா கைக்கு வரும்வரை பணம் திரும்பாத டிக்கெட் எதையும் வாங்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு முன்பதிவு நகல் போதும்.

காகிதங்களில் உங்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஜெர்மனி இந்தியாவிலிருந்து செவிலியர்களை வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும் நாடு. 25 வயது நர்ஸ், முதல் பயணம், ஜெர்மனி விசா என்றதும், “இவர் திரும்பி வருவாரா?” என்று அதிகாரி கேட்பது இயல்பு. அதற்குப் பதில் உங்கள் மருத்துவமனைதான். வேலையில் சேர்ந்த தேதி, சம்பளம், விடுப்பு எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த நாளில் மறுபடி பணிக்கு வர வேண்டும் என்பதெல்லாம் அந்த விடுப்புக் கடிதத்தில் இருக்கட்டும். சம்பள ரசீது மூன்று மாதத்துக்கு, வங்கிக் கணக்கு ஆறு மாதத்துக்கு. செலவுக்கென்று சபையார் சேர்த்துத் தரும் தொகையை விண்ணப்பத்துக்கு முந்தைய வாரத்தில் உங்கள் கணக்கில் மொத்தமாகப் போட வேண்டாம். திடீரென்று வந்த பெருந்தொகையைக் கடன் வாங்கிக் காட்டிய பணமாகத்தான் பார்ப்பார்கள். சபை செலவை ஏற்கிறது என்றால் அதைச் சபையின் கடிதத்தாளில் போதகரும் பொருளாளரும் கையெழுத்திட்டு எழுதி, சபையின் வங்கிக் கணக்கு நகலோடு தரட்டும். ஜெர்மனியில் அழைப்பவரே செலவுப் பொறுப்பை ஏற்பதென்றால், அங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் 29 யூரோ கட்டி ஒரு பொறுப்பேற்புப் பத்திரம் வாங்கலாம். சாதாரண உறுதிமொழிக் கடிதத்தைவிட அதற்கு எடை அதிகம்.

அழைப்புக் கடிதங்கள் இரண்டு வேண்டும்: ஜெர்மனிப் பயிற்சி மையத்திடமிருந்து ஒன்று, கோர்ச்சா சபையிடமிருந்து ஒன்று. தேதி, முகவரி, தங்குமிடம், சாப்பாடு யார் பொறுப்பு, சம்பளம் எதுவும் இல்லை என்ற விவரங்கள் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்துக்கு எழுத்து, இருக்க வேண்டும். நம் சபைகளில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, சான்றிதழ்ப் பெயர் ஒன்று என்று இருப்பது சாதாரணம். அழைப்பில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் வேறு பெயர் என்றால் அங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருந்தால், இப்போதே தகப்பனார் பெயரை அங்கே சேர்த்துப் புதிய பாஸ்போர்ட் எடுத்துவிடுங்கள். விமானம், ரயில், கப்பல் மூன்று இணையதளங்களிலும் அந்தக் காலியிடம் தொல்லை தரும். பாஸ்போர்ட் 10 ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாகவும், ஷெங்கனை விட்டுக் கிளம்பிய பிறகும் 3 மாதம் செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்களோடும் இருக்க வேண்டும்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. ‘ஷெங்கன்’ என்று மட்டும் போட்ட பாலிசியை எடுத்தால், நீங்கள் அதிக நாள் இருக்கப்போகும் அல்பேனியாவில் அது செல்லாது. அமெரிக்கா, கனடா நீங்கலாக உலகம் முழுவதும் என்று கேட்டு எடுங்கள். முகாமில் சுவருக்கு வண்ணம் அடிப்பது, கூரை போடுவது மாதிரி வேலை உண்டா என்று விசாரியுங்கள். உடலுழைப்பு வேலையில் நேரும் காயத்தைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை.

விமானத்துக்கு வருவோம். லண்டன் வழி வேண்டவே வேண்டாம். பிரிட்டன் ஷெங்கனில் இல்லை. ஹீத்ரோவில் விமானம் மாறுவதற்கே இந்தியர்களிடம் தனியாக டிரான்சிட் விசா கேட்பார்கள், உங்களிடம் உள்ள குறுகிய கால ஷெங்கன் விசா அதிலிருந்து விலக்குத் தராது. மிச்சமாகும் பணம் அந்த விசாவுக்கே போய்விடும். சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருக்கிறது. போக ஃபிராங்க்ஃபர்ட், திரும்ப ரோம் என்று ‘மல்டி சிட்டி’யாக ஒரே டிக்கெட்டாகப் பதிவு செய்யுங்கள், இரண்டு ஒருவழி டிக்கெட்டுகளைவிடப் பெரும்பாலும் மலிவு. ‘ஈடியாஸ்’ என்ற அனுமதிக்குப் பணம் கட்டச் சொல்லி யாராவது வந்தால் கட்டாதீர்கள். அது விசா தேவைப்படாத நாட்டவருக்கு உரியது.

யூரெயில் பாஸும் உங்களுக்கு லாபமில்லை. ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். உங்களுக்கு நீண்ட ரயில் பயணம் என்பது போகும்போது ஃபிராங்க்ஃபர்ட் – பாரி, திரும்பும்போது பாரி – ரோம், அவ்வளவுதான். பாஸ் இருந்தாலும் இத்தாலியின் அதிவேக ரயிலிலும் இரவு ரயிலிலும் இருக்கைக்கும் படுக்கைக்கும் தனிக் கட்டணம் உண்டு. குழுவில் உள்ள ஐரோப்பியர்கள் ‘இன்டர்ரெயில்’ எடுப்பார்கள். அது ஐரோப்பாவில் குடியிருப்பவர்களுக்கு மட்டும். அவர்களோடு சேர்த்து உங்களுக்கும் எடுத்துவிட வேண்டாம் என்று ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லிவையுங்கள்.

வழி இப்படி அமையட்டும். 8-ஆம் தேதி பிற்பகல் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து முனிச், சுமார் மூன்றரை மணி நேரம். முனிச்சிலிருந்து ரோம் போகும் இரவு ரயிலில் ஏறி, விடியற்காலையில் போலோக்னாவில் இறங்குங்கள். அங்கிருந்து கடற்கரையோரமாகப் பாரி, சுமார் ஆறு மணி நேரம். இரவு ரயிலில் பெண்களுக்கான படுக்கைப் பெட்டி கேட்டுப் பதிவு செய்யலாம், சீக்கிரம் தீர்ந்துவிடும். கோடையில் ஆல்ப்ஸ் மலைப் பாதையில் தண்டவாளப் பணி நடக்கும், ரயில் தாமதமாவது புதிதல்ல. இரவு ரயில் டிக்கெட்டும் இத்தாலி டிக்கெட்டும் தனித்தனி என்பதால், முதல் ரயில் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். மலிவான ‘சூப்பர் எகானமி’ டிக்கெட்டை மாற்ற முடியாது; சற்றுக் கூடுதலாகக் கொடுத்து, மாற்றக்கூடிய ‘பாசே’ டிக்கெட் வாங்குங்கள், போலோக்னாவில் மூன்று மணி நேரம் இடைவெளியும் விடுங்கள். இத்தனைக்கும் பிறகு அன்றிரவே கப்பல் என்றால், ஒரே ஒரு தாமதம் முகாமின் முதல் நாளைத் தின்றுவிடும். அதனால்தான் பாரியில் ஒரு இரவு தங்கச் சொன்னேன். 1087-இல் பாரிக்குக் கொண்டுவரப்பட்ட பரிசுத்த நிக்கொலாவின் திருப்பண்டங்கள் இருக்கும் பேராலயம் பழைய நகரில், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மறுநாள் பகலில் பார்த்துவிடலாம். உள்ளூர் சாதாரண ரயிலில் காகித டிக்கெட்டோடு ஏறினால், ஏறும் முன் பிளாட்ஃபார்ம் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு.

கப்பல் இரவு பத்து, பதினொரு மணிவாக்கில் கிளம்பி மறுநாள் காலை அல்பேனியத் துறைமுகமான துர்ரஸ் சேரும். ஜூலையில் இத்தாலியில் வேலை பார்க்கும் அல்பேனியர்கள் குடும்பம் குடும்பமாக ஊர் திரும்புவார்கள். பாரியில் பாஸ்போர்ட் சோதனை வரிசை நீளும். குறைந்தது மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். வெறும் டெக் டிக்கெட் எடுத்தால் நாற்காலியோ தரையோதான். அன்றைய தூக்கம் அடுத்த பதினான்கு நாளுக்கு முக்கியம், பெண்கள் கேபினில் ஒரு படுக்கை எடுத்துவிடுங்கள். ஷெங்கன் எல்லைகளில் 2025 அக்டோபர் 12 முதல் பாஸ்போர்ட் முத்திரைக்குப் பதிலாக மின்பதிவு படிப்படியாக வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் முத்திரை இல்லாவிட்டால், விசாவை ஏற்கெனவே பயன்படுத்தியதற்கு அல்பேனிய அதிகாரியிடம் காட்ட வேறு சான்று வேண்டும். ஃபிராங்க்ஃபர்ட் போர்டிங் பாஸ், ரயில் டிக்கெட், பாரி விடுதி ரசீது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருங்கள்.

துர்ரஸிலிருந்து கோர்ச்சா எல்பசான், போக்ராடெட்ஸ் வழியாகச் சாலையில் சுமார் நான்கு மணி நேரம். சபை வண்டி அனுப்பாவிட்டால் ‘ஃபுர்கோன்’ என்னும் மினி பஸ். காலையிலேயே ஏறிவிட வேண்டும். கோர்ச்சா 850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஜூலையிலும் இரவில் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். பணம் லெக், ஒரு யூரோவுக்கு ஏறத்தாழ 100 லெக். நாட்டுக்கு வெளியே அதை மாற்றுவது கடினம், மிச்சத்தைக் கப்பலுக்கு முன் மாற்றிவிடுங்கள்.

அங்கே விடுமுறை நாளில் குழுவினர் கிரீஸுக்குப் போய்வரலாம் என்று கிளம்பக்கூடும், எல்லை பக்கத்தில்தான். நீங்கள் போகாதீர்கள். அது ஷெங்கனுக்குள் இன்னொரு நுழைவு, உங்கள் 11 நாளில் ஒன்று குறையும். அதோடு கிரீஸ் அரசியல் சட்டத்தின் 13-ஆம் பிரிவு மதமாற்றப் பிரசாரத்தைத் தடை செய்கிறது. மினோஸ் கொக்கினாகிஸ் என்பவருக்கு அதற்காக விதித்த தண்டனை தவறு என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1993-இல் தீர்ப்பளித்தது. தடை மட்டும் நீடிக்கிறது. பையில் கைப்பிரதிகளோடு அந்த எல்லையைத் தாண்டுவது தேவையில்லாத வம்பு.

அல்பேனியாவில் 1967-இல் கம்யூனிஸ்ட் அரசு எல்லா வழிபாட்டு இடங்களையும் மூடியது. 1990 வரை ஜெபம் வீட்டுக்குள் ரகசியமாகத்தான். அதனால் சுவிசேஷம் முதன்முதலில் வெளிநாட்டுக் குழுக்களோடுதான் வந்தது என்று சிலர் பேசுவார்கள். கோர்ச்சாவில் அப்படிப் பேசினால் அங்குள்ள விசுவாசிகளின் மனம் நோகும். அல்பேனியச் சுவிசேஷகர் கெராசிம் கிரியாசியும் அவர் தங்கை செவாஸ்தியும் 1891-இலேயே அங்கே பெண்பிள்ளைகளுக்கு அல்பேனிய மொழிப் பள்ளி திறந்தவர்கள். உள்ளூர்ப் போதகர் சொல்கிறபடி செய்யுங்கள். முஸ்லிம் குடும்பங்களிலிருந்தும் பிள்ளைகள் வருவார்கள்: பெற்றோரின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் யாரையும் சேர்க்கக் கூடாது, பிள்ளைகளின் படத்தை உங்கள் ஃபேஸ்புக்கில் போடக் கூடாது. இங்கே வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தும்போது நாம் இதையெல்லாம் அவ்வளவாகப் பார்ப்பதில்லை. அங்கே பார்ப்பார்கள், பார்ப்பதுதான் சரி. முகாம் நடத்துகிறவர்கள் காவல்துறைச் சான்று கேட்டால், சுற்றுலா போன்ற குறுகிய பயணத்துக்குப் பாஸ்போர்ட் அலுவலகத்தின் பி.சி.சி. என்னும் காவல்துறைச் சான்றைப் பொதுவாகத் தரமாட்டார்கள், தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சரிபார்ப்புச் சேவையில் வாங்கி அனுப்புங்கள். தலையாட்டலில் கவனம்: அங்கே பலர் ‘ஆம்’ என்பதற்குப் பக்கவாட்டிலும் ‘இல்லை’ என்பதற்கு மேலும் கீழும் ஆட்டுவார்கள். ‘போ’ என்றால் ஆம், ‘யோ’ என்றால் இல்லை, வாய்ச்சொல்லையே நம்புங்கள்.

நீங்கள் நர்ஸ் என்று தெரிந்ததும் முகாமில் ஊசி போடவும் மாத்திரை கொடுக்கவும் கூப்பிடுவார்கள். உங்கள் தமிழ்நாடு பதிவு அல்பேனியாவில் செல்லாது. முதலுதவி செய்யலாம்: காயம் கழுவிக் கட்டுவது, காய்ச்சல் பார்ப்பது, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுப்பது. அதற்கு மேல் உள்ளூர் மருத்துவர்தான். ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பட்டியலை முதல் நாளே கேட்டு வாங்குவது உங்களால் மட்டுமே நன்றாகச் செய்யக்கூடிய வேலை.

பெட்டியில் நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய், பச்சைக் கறிவேப்பிலை, மாம்பழம் வேண்டாம். ஃபிராங்க்ஃபர்ட் சுங்கத்தில் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நேந்திரன் சிப்ஸ், பொடிவகை, அரிசி மாவு பிரச்சினையில்லை. உங்கள் மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். ஜெர்மனியில் வாங்கும் சிம் இத்தாலியிலும் வேலை செய்யும், அல்பேனியாவில் அதை நம்ப வேண்டாம். அதற்கு ஒரு இ-சிம் தனியாகப் போடுங்கள். கப்பல் கரையை விட்டதும் போனை ஃப்ளைட் மோடில் வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது கப்பலின் சாட்டிலைட் இணைப்பைத் தானாகப் பிடித்து, தூங்கி எழுவதற்குள் உங்கள் கணக்கில் உள்ள பணத்தைத் தீர்த்துவிடும். வந்து சேர்ந்த செய்தியை துர்ரஸில் இறங்கிய பிறகு அனுப்புவதாக வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.